மேனேஜர் யாரோட குதிரை?

என் மச்சானைப் பத்திச் சொல்ல இந்த ஊர்லயே தகுதியில்லாத ஆள் ஒருத்தன் இருக்கான்னா அது நான்தான். ஆனா மத்தவன் எவனும் வாயைத் திறக்க மாட்டான். அதனால நானே சொல்றேன். நடுவுல யாரும் குறுக்கே பேசாதீங்க. எனக்குச் சட்டுனு கோபம் வந்துடும், அப்புறம் விட்ட இடத்தைப் பிடிக்க முடியாது.

மச்சான்னா என் பொண்டாட்டியோட தம்பி. குதிரைக்கு லாடம் கட்டுறது அவன் தொழில். ஊர்ல எல்லாரும் அவனை 'ஆணி'ன்னுதான் கூப்பிடுவாங்க. வேலை செய்யும்போது ஏழெட்டு ஆணியை உதட்டுல கவ்விக்கிட்டே இருப்பான், அதான் காரணம். அந்த நேரம் பார்த்து யாராவது ஏதாவது கேட்டா 'ம்'னு ஒரு சத்தம் வரும். அது ஆமாவா இல்லையான்னு நாமதான் முடிவு பண்ணிக்கணும். அவனைக் கட்டிக்க ஆசைப்பட்ட ஒருத்திகிட்டயும் இப்படித்தான் 'ம்'னானாம், அவ அதை இல்லைன்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டாளாம், அதான் நாற்பத்திரண்டு வயசாகியும் ஒண்டிக்கட்டைன்னு ஸ்டாண்டுல கிண்டல் பண்ணுவோம். அவனும் சிரிப்பான். ஆணி ஒண்ணும் கீழே விழாது.

ஸ்டாண்டுன்னா குதிரை ஸ்டாண்டு. ஊருக்கு நடுவுல பெரிய ஏரி, அதைச் சுத்திப் பாதை. வெளியூர்க்காரங்க வருவாங்க, குழந்தையைக் குதிரை மேல ஏத்துவாங்க, ஒரு சுத்து போவாங்க, போட்டோ எடுப்பாங்க. பதினெட்டுக் குதிரை, பதினோரு சொந்தக்காரங்க. அதுல நானும் ஒருத்தன். எனக்கு மூணு குதிரை. பதினெட்டுக்கும் லாடம் கட்டுறவன் என் மச்சான் ஒருத்தன்தான்.

வேலையில அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது. முதல்ல குதிரையைக் கல் தரையில நடக்கவிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு சத்தத்தைக் கேட்பான். "பின்னங்கால் வலதுல ஒரு ஆணி இளகியிருக்கு மாமா" என்பான். தூக்கிப் பார்த்தா இளகித்தான் இருக்கும். காலைத் தன் தொடைக்கு நடுவுல வச்சு, பழைய லாடத்தைக் குறடால நெம்பி எடுத்து, குளம்பைச் சீவி, அரம் போட்டு மட்டம் பண்ணி, புது லாடத்தை வச்சு அடிப்பான். அவன் இடது கைக்காரன். அதனால அவன் அரம் போட்ட கோடெல்லாம் எதிர்ப்பக்கமா சாய்ஞ்சிருக்கும். அவன் மடியில காலைக் கொடுத்ததும் குதிரை பாதித் தூக்கத்துக்குப் போயிடும். எனக்கெல்லாம் பதினாலு வருஷம் பழகின குதிரையே காலைத் தராது.

லாடம் கட்டினப்புறம் ஒரு கடைசி வேலை இருக்கு, நம்பர் போடுறது. சவாரிக் குதிரை ஒவ்வொண்ணுக்கும் லைசன்ஸ் ஆபீஸ்ல ஒரு நம்பர் கொடுப்பாங்க. அதைக் காய்ச்சின இரும்பு அச்சால முன்னங்கால் குளம்பு மேல பதிக்கணும். குதிரைக்கு வலிக்காது, நம்ம நகம் மாதிரிதான் அது. ஆனா குளம்பு வளர வளர நம்பர் கீழே இறங்கிட்டே போகும். முழுசா அழியறதுக்குள்ள மேல புதுசாப் பதிக்கணும். நம்பர் இருந்தா குதிரைக்குச் சொந்தக்காரன் உண்டு. நம்பர் இல்லைன்னா அது யாரோட குதிரையும் இல்லை. சட்டம் அவ்வளவுதான்.

இப்பத்தான் எங்க ஸ்டாண்டோட யோக்கியதையைச் சொல்லணும்.

ஏரிக்கு அந்தாண்ட புறவழிச் சாலை. நாலு வழிச் சாலை, நடுவுல அகலமான திட்டு. சாலைத் துறைக்காரங்க அழகுக்காக அதுல புல்லு நட்டு, தினமும் லாரியில தண்ணி ஊத்துறாங்க. ஊரே காய்ஞ்சு கருகிக் கிடந்தாலும் அந்தத் திட்டு மட்டும் பச்சைப் பசேல்னு இருக்கும். சீசன் முடிஞ்சதும் லாடத்தைக் கழட்டிக் குதிரைகளை அங்க விட்டுடுவோம். குளம்புக்கும் ஓய்வு, எங்களுக்கும் தீவனம் மிச்சம். சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி போய்ப் பிடிச்சுட்டு வருவோம். வண்டிக்காரங்க ஹாரன் அடிப்பாங்க, திட்டுவாங்க, போன் பண்ணிப் புகார் கொடுப்பாங்க. நாங்க இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுவோம்.

இனிமே சவாரிக்கே ஆகாதுங்கற கிழட்டுக் குதிரை இருக்கே, அதுக்கு வேற வழி. லாடத்தோட சேர்த்து நம்பரையும் எடுத்துடுறது. மச்சான் அரத்தால நாலு இழுப்பு இழுத்தா நம்பர் மாவாக் கொட்டிடும். ஆபீஸ்ல 'வெளியூருக்கு வித்தாச்சு'ன்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவோம். நேத்து வரைக்கும் நமக்குச் சோறு போட்ட குதிரை, இன்னைக்கு யாரோ. இதுக்கு எங்க பாஷையில 'கழட்டி விடுறது'ன்னு பேரு. வயசான குதிரைகளுக்குக் காப்பகம் ஒண்ணு இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். லாரி வச்சு நாலு மணி நேரம் போகணும். யாரு போறது? எல்லாரும் கழட்டி விடுறாங்க, நானும் விட்டேன். இந்த 'எல்லாரும்'ங்கற வார்த்தைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறதுல எனக்கு நல்ல அனுபவம்.

மேனேஜர்னு ஒரு குதிரை வச்சிருந்தேன். நல்ல கரும்பழுப்பு நிறம். எந்த வேலையும் செய்யாம நின்னுக்கிட்டு, மத்த குதிரையெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கும், அதனால அந்தப் பேரு. ஆனா ஒரு குழந்தையை ஏத்தி உட்கார வச்சுட்டா போதும், நிறைகுடத்தைச் சுமந்துட்டுப் போற மாதிரி ஆடாம அசையாம நடக்கும். என் பொண்ணு சவாரி கத்துக்கிட்டதே அது மேலதான். போன வருஷம் அதுக்கு இடது கண்ணுல வெள்ளை விழுந்துடுச்சு. அப்புறம் அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் வந்தாலும் மிரண்டு விலகும். குழந்தைகளை ஏத்த முடியலை.

சீசன் முடிஞ்ச வாரம் மச்சான்கிட்டச் சொன்னேன், "மேனேஜரைக் கழட்டி விட்டுடலாம்."

அவன் உதட்டுல இருந்த ஆணியையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துக் கையில வச்சுக்கிட்டான். "மாமா, அதுக்கு ஒரு கண்ணு தெரியாது. அதைப் போய் ரோட்டுல விட்டா எப்படி?"

"மத்த குதிரையெல்லாம் அங்க இல்லையா? இதுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?"

"காப்பகத்துல கேட்டுப் பார்க்கட்டுமா? நானே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்."

"உனக்கு வேற வேலை இல்லையா? சொன்னதைச் செய்யேன்டா."

அக்கா புருஷனை எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. சின்ன வயசுலயே அப்பா அம்மா போயி, என் பொண்டாட்டிதான் அவனை வளர்த்தா. கல்யாணமாகி வந்தப்ப அவனையும் கூட்டிட்டுத்தான் என் வீட்டுக்கு வந்தா. அந்த நன்றி அவனுக்கு எப்பவும் உண்டு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அந்தக் குரல்ல பேசினேன்.

அவன் குனிஞ்சான். கேக்கறதுக்கு முன்னாடியே மேனேஜர் காலைத் தூக்கிக் கொடுத்துச்சு. நாலு இழுப்பு. அவ்வளவுதான். வீட்டுல என் பொண்டாட்டிகிட்ட, "வெளியூர்ல ஒரு தோட்டக்காரர் வாங்கிட்டுப் போயிட்டாரு"ன்னேன். "நல்லாப் பார்த்துக்குவாங்களா?"ன்னு கேட்டா. "ராஜா மாதிரி"ன்னேன். கூச்சநாச்சமே இல்லாம.

நாற்பது நாள் போயிருக்கும். காலையில ஆறு மணி இருக்கும், ஒரே பனி. ஸ்டாண்டுல கொட்டகைக்குக் கூரை மாத்திட்டு இருந்தோம். புறவழிச் சாலையில ஸ்கூட்டர் ஒண்ணு குதிரை மேல மோதிடுச்சுன்னு ஒருத்தன் ஓடி வந்தான். எல்லாரும் ஓடினோம். ஓடும்போது என் மனசுல ஒரே ஒரு நினைப்புதான். என்னுது மட்டுமா இருந்துடக் கூடாது. அடிபட்டது யாரு, உயிர் இருக்கா இல்லையாங்கற நினைப்பே எனக்கு வரலை. இதை மறைச்சு என்ன ஆகப் போகுது?

மேனேஜர் சாலைக்குக் குறுக்கே கிடந்துச்சு. மூச்சு நின்னு போயிருந்துச்சு. இடது கண்ணு இருக்கற பக்கத்துலதான் ஸ்கூட்டர் மோதியிருக்கு. ஸ்கூட்டர் பத்தடி தள்ளிக் கிடந்துச்சு. சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாயெல்லாம் உடைஞ்சு ரோடு பூராவும் ரத்தம், யாரு ரத்தம்னே தெரியலை. அப்பத்தான் புரிஞ்சுது. ஸ்கூட்டர்ல வந்தது, ஆய்வுக்கூடத்துல இருந்து வீடு வீடா வந்து ரத்தம் எடுத்துட்டுப் போற பொண்ணு. எங்க வீட்டுக்கும் வருவா. என் பொண்டாட்டிக்குச் சர்க்கரை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து, ஊசி குத்துறதே தெரியாம எடுத்துட்டுப் போவா. "அவ கையில குத்தினா வலிக்கவே வலிக்காதுங்க"ன்னு என் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவா. அந்தப் பொண்ணை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க. தொடை எலும்பு இரண்டு துண்டு.

அப்புறம் அங்க நடந்ததைப் பார்த்திருக்கணும் நீங்க. போலீஸ்காரர் வந்தாரு, சாலைத் துறை மேஸ்திரி வந்தாரு, கால்நடைத் துறையில இருந்து ஒருத்தர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே வந்தாரு.

"ரோட்டுல கிடக்கு. ரோடு உங்களோடது" - இது போலீஸ்காரர்.

"ரோட்டுல பள்ளம் இருந்தா நாங்க சார். குதிரை பள்ளமா? அது கால்நடை" - இது மேஸ்திரி.

"உயிரோட இருந்தா எங்களோடது. செத்துட்டா சுகாதாரம். அதுவும் சொந்தக்காரன் இல்லாததுக்குத்தான். சொந்தக்காரன் இருந்தா போலீஸ்" - இது கால்நடை.

பந்து மாதிரி ஆளாளுக்கு உதைச்சுத் தள்ளிக்கிட்டு இருந்தாங்க. மத்த நாளா இருந்தா நான் வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பேன். கடைசியில கால்நடைக்காரர் குனிஞ்சு குளம்பைப் பார்த்தாரு. "நம்பர் தேய்ச்சிருக்கு. யாரோ வேணும்னே தேய்ச்சிருக்காங்க. லாடம் கட்டுறவரைக் கூப்பிடுங்க, அவருக்குத் தெரியாத குளம்பு இந்த ஊர்ல இருக்காது."

மச்சான் சைக்கிள்ல வந்தான். குதிரையைப் பார்த்ததும் அவன் முகத்துல ஈயாடலை. பக்கத்துல மண்டி போட்டு உட்கார்ந்து குளம்பை மடியில எடுத்து வச்சான். கட்டை விரலால அந்த அரக் கோட்டைத் தடவினான். ரொம்ப நேரம் தடவினான். நான் கூட்டத்துல நாலாவது ஆளா நின்னுட்டு இருந்தேன். ஸ்டாண்டுக்காரங்க பத்துப் பேரும் என்னைச் சுத்தி நின்னாங்க. பத்துப் பேருக்கும் அது மேனேஜர்னு தெரியும். ஒருத்தன் மூச்சு விடலை. அவனவன் குதிரையும் அந்தத் திட்டுலதானே மேயுது.

"யாரோடதுய்யா?"ன்னாரு போலீஸ்காரர்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்"னான் மச்சான். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தடவை திரும்பியிருந்தா அத்தனை பேரும் என்னைப் பார்த்திருப்பாங்க. அதுக்காகத்தான் திரும்பலை.

அன்னைக்குச் சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னாடி என்னைப் பிடிச்சான். "மாமா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன். காலுக்குள்ள கம்பி வைக்கணுமாம். ஆய்வுக்கூடத்துல அந்தப் பொண்ணுக்கு நாள் கூலிதான், படுத்துட்டா சம்பளம் கிடையாது. சொந்தக்காரன் இல்லாத மிருகம்னா நஷ்டஈடு வராதுன்னு சொல்லிட்டாங்க. நாம போய்ச் சொல்லிடலாம் மாமா. நானும் கூட வர்றேன். தேய்ச்சது நான்தான்னு நானும் சொல்லிடறேன்."

அவன் சொன்னதுல ஒரு தப்பும் இல்லை. நான் சொன்ன பதிலைக் கேளுங்க. "பொண்ணுக்குப் பரீட்சை நடக்குது. இப்பப் போய் வீட்டுல ஒரு களேபரம் வேண்டாம். முடியட்டும், பார்க்கலாம்." பொய்க் கணக்குக் காட்டினேன்னு லைசன்ஸ் போச்சுன்னா மிச்சமிருக்கற மூணு குதிரையும் போச்சு, பொழப்பே போச்சு. பயம் அதுதான். பரீட்சைங்கறது சும்மா ஒரு சாக்கு.

நாலாவது நாள் மறுபடியும் கேட்டான். "பார்க்கலாம்"னேன். எட்டாவது நாள் கேட்டான். எரிஞ்சு விழுந்தேன். "உங்க அக்கா நடுத்தெருவுல நிக்கணுமா? அதான் உன் ஆசையா?"

அதுக்கப்புறம் அவன் கேக்கலை. பத்தாவது நாள் காலையில குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, தனியாப் போய் எழுதிக் கொடுத்துட்டான். குதிரை என்னோடது. வெளியூர்ல இருந்து வாங்கினேன். நம்பரைத் தேய்ச்சது நான். ரோட்டுல விட்டது நான்.

எனக்கு ஸ்டாண்டுலதான் சேதி வந்துச்சு. அவனோட வாடகை ரூமுக்கு ஓடினேன். "என்னடா இப்படிப் பண்ணிட்டே?"

"தேய்ச்ச கை என்னோடதுதானே மாமா"னான். "நீங்க சொன்னீங்க, சரி. முடியாதுன்னு நான் சொல்லியிருக்கலாம். சொல்லலை. இத்தனை வருஷத்துல எத்தனை குதிரைக்குத் தேய்ச்சிருக்கேன்! ஒரு தடவை கூட முடியாதுன்னு சொன்னதில்லை."

அவன் என்னைக் குத்திக் காட்டணும்னு அதைச் சொல்லலை. நிஜமாவே அவனுக்கு அப்படித்தான் தோணியிருக்கு. அதான் என்னால தாங்க முடியலை. நல்லா நாலு வார்த்தை கிழிச்சிருந்தான்னா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அவனோட லாடம் கட்டுற அனுமதியை நிறுத்தி வச்சாங்க. விசாரணை முடியற வரைக்கும் குதிரைக் காலைத் தொடக் கூடாது. அந்தப் பொண்ணோட வைத்தியச் செலவு மாசத் தவணையில அவன் தலையில விழுந்துச்சு. ஒரு வெல்டிங் பட்டறையில கேட் செய்யற கம்பிக்கு அரம் போடுற வேலைக்குப் போனான். ஸ்டாண்டுக்கு வேற ஊர்ல இருந்து ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தோம். அவன் அடிச்ச லாடம் ரெண்டு வாரத்துல ஆட்டம் கண்டுச்சு. தவணைக்குன்னு நான் ரகசியமாக் கொஞ்சம் கொண்டுபோய் நீட்டினேன். மச்சான் வாங்கலை. "அக்காவுக்குத் தெரியாம எனக்கு எதுவும் தராதீங்க மாமா." இவ்வளவுதான் சொன்னான்.

அக்காவுக்கு வர்றேன். அவளுக்கு ஊரெல்லாம் பரவின கதைதான் தெரியும். ஸ்டாண்டுக்காரங்க தங்களைக் காப்பாத்திக்கறதுக்காக அந்தக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. அவ ஆஸ்பத்திரிக்குப் போய், அந்தப் பொண்ணு கால்ல கட்டோட படுத்திருக்கறதைப் பார்த்துட்டு வந்தா. வந்தவ சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்துட்டா.

"ஒரு கண்ணு தெரியாத ஜீவனை ரோட்டுல விட்டிருக்கான். எப்படிங்க மனசு வந்துச்சு? நானாங்க இவனை இப்படி வளர்த்தேன்? இனிமே அவன் என் தம்பியே இல்லை."

அப்பவாவது சொல்லியிருக்கலாம். இவ்வளவு அகலமா வாசல் திறந்து கிடந்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் இப்படிப் பண்ணுவான்னு நானும் நினைக்கலை." சொல்லிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ரெண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

அவ அவன் போனை எடுக்கறதை நிறுத்தினா. அவன் போட்டோவை அலமாரியில இருந்து எடுத்தா. மாசக்கணக்குல வீட்டுல அவன் பேச்சே இல்லை. பொண்ணு ஒரு தடவை "மாமாவுக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டதுக்கு, "எந்த மாமா?"ன்னு திருப்பிக் கேட்டா. அப்புறம் உள்ளே போய் அழுதா. எனக்குக் கேட்டுச்சு.

அஞ்சு மாசம் ஆச்சு. எனக்குத் தலை சுத்தல் வந்து, ரத்தம் பார்க்கச் சொன்னாங்க. ஆய்வுக்கூடத்துக்குப் போனா, அந்தப் பொண்ணு உட்கார்ந்திருக்கா. பக்கத்துல ஒரு ஊன்றுகோல். வீடு வீடாப் போற வேலை போயி, உட்கார்ந்த இடத்துல எடுக்கற வேலை கொடுத்திருக்காங்க.

"வாங்கண்ணா. அக்கா நல்லா இருக்காங்களா? கையை நீட்டுங்க. மூடிக்கங்க." ரப்பர் பட்டையைக் கட்டினா, ரெண்டு விரலால நரம்பைத் தட்டிப் பார்த்தா. "ஏன் கையை இழுத்துக்கறீங்க? பெரிய ஆளு, குதிரையெல்லாம் மேய்க்கறீங்க. வலிக்காது."

வலிக்கலை.

"உங்க மச்சான் வாரா வாரம் வர்றாரு, தெரியுமா?"ன்னா. "கால் பயிற்சிக்கு ஆட்டோவுல கூட்டிட்டுப் போய்க் கொண்டுவந்து விடுறாரு. முதல்ல மூஞ்சியிலயே முழிக்காதீங்கன்னு கத்தினேன். மறுவாரமும் வந்து நின்னாரு. அத்தனை குதிரை திரியுது அந்த ரோட்டுல, அண்ணா. என்னோடதுன்னு ஒத்துக்கிட்ட ஒரே ஆள் அவருதான். வேற எவனா இருந்தாலும் ஒளிஞ்சிருப்பான்." பஞ்சை வச்சு என் கையை மடக்கி விட்டா. "அடுத்த வாரம் அவருக்குக் கடைசி விசாரணையாம். அனுமதியை ரத்தே பண்ணிடுவாங்களாம். நான் வேணும்னா வந்து சொல்றேன்னேன். வேண்டாம்னுட்டாரு."

பஞ்சைப் பிடிச்சுக்கிட்டே வெளியே வந்து, ரத்தம் நின்ன பிறகும் பிடிச்சுக்கிட்டே நின்னேன்.

மறுநாள் லைசன்ஸ் ஆபீசுக்குப் போனேன். நிஜமாவே போனேன். அங்க இருந்த அதிகாரி மேஜைக்கு முன்னாடி நின்னு, "செத்துப் போன குதிரை என்னோடது சார். என் மச்சானோடது இல்லை. நம்பரைத் தேய்க்கச் சொன்னது நான்தான்"னேன்.

அவர் கோப்பைத் திறந்தாரு. "உங்க குதிரையை வெளியூருக்கு வித்துட்டதா இதுல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது பொய் சார்."

"இது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா? அடுத்த வாரம் விசாரணை வர்ற நேரத்துல மச்சானைக் காப்பாத்த வந்து நிக்கறீங்க. இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! குளம்புல நம்பர் இருக்கா? இல்லை. குதிரை இருக்கா? புதைச்சாச்சு. சாட்சி யாராவது இருக்காங்களா?"

ஸ்டாண்டுக்காரங்க பத்துப் பேரையும் நினைச்சேன். போன் போட்டேன். நாலு பேர் எடுக்கவே இல்லை. எடுத்தவங்க, "அண்ணே, எங்களை ஏன் இதுல இழுக்கறீங்க? நல்லா இருப்பீங்க, வச்சுடறேன்"னாங்க. பேசறவன் குரல் அச்சு அசல் என் குரல் மாதிரியே இருந்துச்சு.

"நல்ல மனசுதான் உங்களுக்கு. போயிட்டு வாங்க"ன்னு அதிகாரி கோப்பை மூடினாரு.

படி இறங்கி வந்தேன். எதிர்க்கடையில டீ வாங்கிக் குடிச்சேன். அந்த முதல் வாய் டீ தொண்டையில இறங்கும்போது எனக்குள்ள வந்தது என்னன்னு சொல்றேன், காறித் துப்பணும்னா துப்பிக்கங்க. அப்பாடான்னு இருந்துச்சு. சொல்லிப் பார்த்துட்டேன், அவங்க ஏத்துக்கலை, இனிமே என் மேல பழி இல்லைன்னு ஒரு நிம்மதி. பாதி டம்ளர் காலியாகற வரைக்கும் அந்த நிம்மதி இருந்துச்சு. அப்புறம் அருவருப்பு வந்துச்சு, என்னை நினைச்சே. டம்ளரை வச்சுட்டு நேரா வீட்டுக்கு நடந்தேன். ஆபீஸ் நம்பலைன்னா போகட்டும். சாட்சியே இல்லாம நம்பக்கூடிய ஒருத்தி வீட்டுல இருக்கா.

அவ துணி மடிச்சுட்டு இருந்தா. நான் உட்காரலை. நின்னுக்கிட்டே ஆரம்பத்துல இருந்து சொன்னேன். தோட்டக்காரருன்னு யாரும் இல்லைன்னேன். ராஜா மாதிரின்னு சொன்னது பொய்ன்னேன். அவன் மூணு தடவை வந்து கேட்டான், மூணு தடவையும் தட்டிக் கழிச்சேன்னேன். ஆபீசுக்குப் போனதையும் சொன்னேன், டீ குடிச்சதையும் சொன்னேன். அவ மடிக்கறதை நிறுத்தலை. கடைசித் துணியை மடிச்சு, மத்ததுக்கு மேல வச்சு, கையால நீவிவிட்டா. கத்துவா, எதையாவது தூக்கி எறிவான்னு பார்த்தேன். கத்தியிருந்தா தேவலை.

"பொண்ணுக்கு ரிசல்ட் வந்த அன்னைக்கு அவன் இங்க வந்தான்"னா.

இதை நான் உங்ககிட்டச் சொல்லலை. சொல்லாமலே முடிச்சுடலாம்னுதான் இருந்தேன்.

"நல்ல மழை. ஸ்வீட் பாக்ஸைச் சட்டைக்குள்ள வச்சு நனையாமக் கொண்டு வந்திருந்தான். 'உள்ளே வரலைக்கா, இதை மட்டும் கொடுத்துடு'ன்னான். அவன் மூஞ்சிக்கு நேரா நான் கதவைச் சாத்தினேன். ரெண்டு தடவை தட்டினான். 'அக்கா'ன்னான்." அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"ஹால்ல"ன்னேன்.

"அவன் தட்டும்போது டிவி சத்தம் திடீர்னு கூடிச்சு. ரிமோட் யார் கையில இருந்துச்சு? பொண்ணு கையிலயா?"

"இல்லை"ன்னேன். "என் கையில."